லாரியின் முதுகில் எழுதிய பெயர்

என் பேத்தி செய்தித்தாளைக் கையில் எடுத்து நான் பார்த்தது, மழைக்கு ஒழுகும் ஜன்னல் கட்டையில் விரிப்பதற்கு மட்டும்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு பத்திரிகைகள் வருகின்றன, ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம். இரண்டையும் சேர்த்தால் முப்பது பக்கத்துக்குக் குறையாது. ஏல அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி உட்பட எல்லாவற்றையும் நான் படித்து முடிப்பதற்குள், அவள் கல்லூரிப் பேருந்துக்காக வாசல் கேட்டில் சாய்ந்தபடி கட்டைவிரலால் நாலு தள்ளு தள்ளி உலகத்தைப் பார்த்து முடித்திருப்பாள்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும். ஒருமுறை திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் எண்ணினேன். மொத்தம் நாற்பத்தேழு பேர். அதில் முப்பத்தொரு பேர் கையில் போன். செய்தித்தாள் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் அதில் பஜ்ஜி மடித்து வைத்திருந்தார்.

"அத எழுதறது யாரு?" என்று ஒரு நாள் பேத்தியைக் கேட்டேன். போனில் வந்த ஏதோ ஒரு செய்தியை அவள் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியிலீங்க அப்பாரு." எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவர் அப்பாருதான்.

"பேரு தெரியாது, ஊரு தெரியாது. அவன் சொல்றத எப்படி நம்பற?"

"உங்க பேப்பர்ல எழுதறவங்கள நீங்க பாத்திருக்கீங்களா?"

"அதுக்கு ஒரு ஆபீஸ் இருக்குது. ஆசிரியர் இருக்கறாரு. தப்பாப் போட்டா மறுநாள் திருத்தம் போடுவாங்க."

"எந்தப் பக்கத்துலீங்க போடுவாங்க?"

திருத்தங்கள் எந்த மூலையில், எவ்வளவு பொடி எழுத்தில் வரும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அடுப்பங்கரையில் மருமகள் சிரித்தது கேட்டது.

ஆனால் அவளும் ஏமாந்தாள். போன ஐப்பசி மழையில் ஒரு காலை, நாமக்கல் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு விடுமுறை என்று ஒரு ரீல்ஸ் வந்தது. இடிச் சத்தமெல்லாம் போட்டிருந்தார்கள். அவள் திரும்பவும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். கல்லூரியில் அன்று தேர்வு. அவளோடு சேர்த்து அந்த வகுப்பில் பதினொரு பேர் எழுதவில்லை என்று தெரிந்தபோது எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. ரொம்ப நாள் அதை வைத்தே அவளைச் சீண்டினேன். "ஏனுங்க அம்மிணி, இன்னைக்குக் கலெக்டர் லீவு உட்டுட்டாருங்களா?" என்று பணிவாகக் கேட்பேன். "அது வேற பேஜுங்க" என்பாள், தலையை நிமிர்த்தாமல். ஒரு பக்கம் பொய் சொன்னால் அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் முன்போலவே நம்பும் அந்த மனசு எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: நான், மருமகள், பேத்தி. மகன் வருடத்தில் பெரும்பகுதி வடக்கே இருப்பான். எங்கள் வட்டாரத்தில் இது வழக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இங்கிருந்து கிளம்பி நாடு முழுக்கப் போகின்றன. ஒரு ரிக் என்றால் இரண்டு வண்டி. துளை போடும் வண்டி ஒன்று. இரும்புக் குழாய்களையும் சமையல் சாமான்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கூடவே போகும் சப்போர்ட் வண்டி ஒன்று. மகனும் இரண்டு உறவினர்களும் கூட்டாக ஒரு ரிக் வைத்திருக்கிறார்கள். மேனேஜராகக் கூடவே போய்வருவது என் மகன். வடக்கே மழை பிடித்துவிட்டால் வயல்களில் பயிர் ஏறிவிடும், வண்டி இறங்க இடம் இருக்காது. அப்போது நம்மூர் வண்டிகளெல்லாம் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பும். சென்ற ஆனி மாதம் அப்படித்தான் மகன் சத்தீஸ்கரிலிருந்து கிளம்பியிருந்தான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து நான் ஆங்கிலப் பத்திரிகையை விரித்திருந்தேன். என் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர், நாலு வீடு தள்ளி இருக்கிறார். அவர் செருப்புக்கூட இல்லாமல் உள்ளே வந்தார்.

"தம்பி, போனப் பாத்தியா?"

"இல்லீங்கண்ணா. ஏன்?"

அவர் தன் போனை நீட்டினார். எங்கள் குலதெய்வக் கோயிலுக்கென்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பங்காளிகள் நானூற்றுச் சொச்சம் பேர் அதில் இருக்கிறோம். அதில் ஒரு வீடியோ வந்திருந்தது.

அவ்வளவு தண்ணீரை அவ்வளவு குறுகின இடத்தில் நான் பார்த்ததில்லை. செம்மண் கரைத்த நிறம். காவிரி கரை புரண்டு பரமத்தி வேலூரில் வாழைத் தோட்டங்களுக்குள் நுழைந்ததைப் பார்த்தவன் நான். அது பரந்து, அவசரப்படாமல் வரும் வெள்ளம். இது ஒரு காட்டோடை. இரண்டு கரைக்கும் நடுவே ஒரு மிருகம் புரள்வதுபோல் முறுக்கிக்கொண்டு போனது. தரைப்பாலம் எங்கே என்று தெரியவில்லை. அதிலிருந்து நழுவிய ஒரு சப்போர்ட் வண்டி, பின்பக்கம் தண்ணீருக்குள் மூழ்கி, மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. நம்பர் பலகையில் சேறு அப்பியிருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே நெற்றிப் பலகை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதில் தமிழில் எங்கள் குலதெய்வத்தின் பெயர். யாரோ ஒரு பெண் கரையிலிருந்து கத்தும் குரலோடு வீடியோ முடிந்துவிட்டது.

கீழே எழுதியிருந்தது: நம்ம வண்டி ஆத்தோட போயிருச்சு. நாலு பேரைக் காணோம்.

மகனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மருமகள் போட்டாள். அதே பதில். அவனோடு போன சமையல்காரர், டிரைவர் எல்லாருக்கும் போட்டோம். எதுவும் போகவில்லை. மருமகள் போனைக் கீழே வைக்காமல் அழைப்புப் பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தாள். "மாமா, போகலீங்க. மாமா, போகவே மாட்டீங்குதுங்க" என்று அவள் சொன்னதைத் தவிர அந்த நேரத்து வேறு எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிச் சேதி வந்தால் யாரும் போனில் விசாரிக்க மாட்டார்கள். நேரே கிளம்பி வந்துவிடுவார்கள். வந்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த அமைதியே சேதியை உண்மை ஆக்கிவிடும். பெண்கள் உள்ளே போய் மருமகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவ ஆரம்பித்தாள். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வாசலுக்கு வந்து செருப்புகளை எண்ணினேன். இருபத்தாறு ஜோடி.

எனக்குத் தெரிந்த வழிகளில் நான் விசாரித்தேன். தொலைக்காட்சியைப் போட்டேன். ஐந்து சேனல் தள்ளினேன். நான்கில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் அதே வீடியோ, பயமுறுத்தும் இசையோடு, வட மாநிலத்தில் வெள்ளம் என்று மட்டும் ஓடியது. பிறகு என் தமிழ்ப் பத்திரிகையின் உள்ளூர் நிருபருக்குப் போன் செய்தேன். நில அளவை நாட்களிலிருந்து பழக்கமானவர், மரியாதையான ஆள்.

"ஐயா, நாங்களும் அந்த வீடியோவத்தான் பாத்துட்டிருக்கறமுங்க" என்றார். "அது எந்த ஊருன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? தெரிஞ்சா கொஞ்சம் சொல்லுங்க."

நான் போனை வைத்துவிட்டேன். தினமும் நம்பி விரிக்கும் பத்திரிகை என்னிடம் செய்தி கேட்டது.

பேத்தி அழவில்லை. மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பனைக் காணோம் என்று ஊரே கூடியிருக்கும்போது இந்தப் பெண் இன்னும் அதையே நோண்டிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. என் அண்ணனுக்கும் வந்திருக்க வேண்டும்.

"அம்மிணி, அத வெச்சுட்டு உள்ள அம்மாகிட்டப் போ சாமி."

"பெரிய அப்பாரு, நாலு பேரக் காணோம்னு யாருங்க சொன்னது?"

"வந்துருக்குதுல்ல?"

"எங்கிருந்துங்க?"

"சங்ககிரிப் பங்காளி ஒருத்தரு அனுப்புனாரு."

"அவருக்குங்க?"

"அவருக்கு வேற யாராச்சும் அனுப்பிருப்பாங்க. ஏ அம்மிணி, போலீசாட்டம் கேக்கறயே! நெத்தில சாமி பேரு தெரியுது. பச்சைப் பெயிண்டு தெரியுது. நம்ம வண்டி எனக்குத் தெரியாதா? இதுக்கு மேல என்ன சாட்சி?"

"லாரி உழுந்தது நெசந்தானுங்க. அது அப்பா வண்டின்னு வீடியோவுக்குள்ள யாரும் சொல்லலீங்க. கரையில கத்தற புள்ளகூடச் சொல்லல. அப்பா வண்டிங்கறதும் நாலு பேருங்கறதும் நம்ம ஆளுக சேத்துனது."

எனக்கு ஒன்று உறைத்தது. மாசித் திருவிழாவில் ரிக் வண்டிகளையெல்லாம் பூஜைக்காகக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்துவார்கள். அந்த வருடம் நான் எண்ணியிருந்தேன். அறுபத்துமூன்று ரிக். அத்தனையும் பச்சை. அத்தனை நெற்றியிலும் அதே பெயர், அதே வளைவு எழுத்து. சங்ககிரி ரோட்டில் ஒரே பெயிண்டர்தான் எல்லாருக்கும் எழுதுகிறார். குலதெய்வத்தின் பெயரை நெற்றியில் பார்த்ததும் அவரவர் வீட்டு வண்டி என்று நெஞ்சில் கை வைக்கும் தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. அன்று காலை எத்தனை வீட்டில் இதே அழுகை நடந்ததோ.

"அறுபத்துமூணு ரிக் இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"அதுல நம்முளுதும் ஒண்ணுதான தம்பி?" என்றார் அவர்.

நான் பேத்திக்குக் கீழே, இரண்டாவது படியில் உட்கார்ந்தேன். அவள் என்ன செய்கிறாள் என்று முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அதே வீடியோ பல இடங்களில் இருந்தது. ஒருவர் கேரளா என்று போட்டிருந்தார், ஒருவர் மகாராஷ்டிரா என்று. ஒருவர் சோகப் பாட்டு சேர்த்திருந்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, எல்லாவற்றுக்கும் முந்தியது எது என்று தேடிக்கொண்டே போனாள். லட்சம் பேர் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, மிகக் கொஞ்சம் பேர் பார்த்த ஒன்றில் வந்து நின்றாள்.

"இவதானுங்க அப்பாரு. இந்தப் புள்ளதான் எடுத்தது."

"எப்படிச் சொல்ற?"

அவள் அந்தப் பெண்ணின் பழைய வீடியோக்களைக் காட்டினாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்று நடுகிறாள். தம்பியின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு தரைப்பாலத்தைக் கடக்கிறாள். பாலத்தின் கீழே கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். கரையில் இடுப்பொடிந்து சாய்ந்த ஒரு மரம்.

"இந்த மரத்தப் பாருங்க. இப்ப லாரி வீடியோல பாருங்க."

லாரிக்குப் பின்னால் அதே மரம், கழுத்துவரை வெள்ளத்தில்.

முப்பது வருடம் நான் நிலம் அளந்தவன். ஒரு கல்லை இன்ன இடம் என்று நிச்சயிக்க வேண்டுமென்றால், அசையாத இன்னொரு அடையாளத்தை முதலில் பிடிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. விடுமுறை ரீல்ஸை நம்பித் தூங்கிய அதே பெண். படியில் உட்கார்ந்தபடி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஓர் ஓடைக்கரையை, ஒரு மரத்தை வைத்துப் பிடித்துவிட்டாள்.

"அவளுக்கு எழுதிக் கேக்கட்டுங்களா?"

"அவளுக்குத் தமிழ் தெரியுமா? உனக்கு இந்தி தெரியுமா?"

"போனே மாத்திக் குடுக்குமுங்க."

அவள் தமிழில் எழுதினாள். அது இந்தியாக மாறிப் போனது. அது எங்கள் அப்பா வண்டியா என்று பார்க்க வேண்டும், நம்பர் தெரியவில்லை, தயவுசெய்து வண்டியின் பின்பக்கத்தை எடுத்து அனுப்ப முடியுமா என்று.

"பின்பக்கத்துல என்ன இருக்குது?" என்று அண்ணன் கேட்டார்.

"எம் பேரு" என்றாள்.

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. எங்கள் வண்டிகளின் நெற்றி சாமிக்கு, பின்கதவு பிள்ளைகளுக்கு. வண்டி வாங்கின அன்று மகன் அந்தப் பெயிண்டரிடம் சொல்லி, பின்கதவு முழுக்க அவள் பெயரைப் பெரிதாக எழுதவைத்தான். நெற்றியில் இருப்பது அறுபத்துமூன்று ரிக்குக்கும் பொது. பின்னால் இருப்பது அந்தந்த வீட்டுக்கு மட்டும்.

பதில் வந்தது. தண்ணீர் இன்னும் வேகமாகப் போகிறது, வண்டியின் பின்பக்கம் தெரியவில்லை, வடிந்ததும் போய்ப் பார்க்கிறேன். கூடவே ஒரு சந்தேகம்: உங்கள் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாதே?

பேத்தி எழுந்துபோய் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பட்டை பேனாவால் தன் பெயரை எழுதினாள். பெயிண்டர் எழுதுவதுபோல வளைத்து எழுதினாள். அதைப் படம் பிடித்து அனுப்பினாள். இந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு காத்திருந்தோம். வீட்டுக்குள் வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்தது. அண்ணன் இரண்டு முறை, "கண்ணு, அவ பாட்டுக்கு மறந்துட்டுப் போயிட்டா?" என்று கேட்டார். "போவாங்க" என்றாள் பேத்தி. எதை வைத்து அவ்வளவு உறுதியோ. முகம் தெரியாத பெண். ஒரு காசு வாங்காதவள். பெருகும் ஓடையில் இறங்கவேண்டிய அவசியம் எதுவும் அவளுக்கு இல்லை. அவள் போவாள் என்று இவள் நம்பினாள். அந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்குப் பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடலாம்போலவும் இருந்தது.

காட்டோடை சீக்கிரம் பெருகும், சீக்கிரம் வடியும். நடுப்பகலுக்கு முன்னால் போன் அதிர்ந்தது. மருமகளைக் கூப்பிட்டோம். அவள் வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

படம் ஆடிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கிறாள். மூச்சு வாங்குவது கேட்கிறது. பச்சைப் பின்கதவு நெருங்கி வருகிறது. அது முழுக்கச் சேறு. ஓர் எழுத்துத் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது படத்துக்குள் ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. அது தண்ணீரை அள்ளி ஊற்றி, உள்ளங்கையால் சேற்றைத் தேய்த்தது. தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை, இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனது. என் வாழ்நாளில் எத்தனையோ கல்வெட்டுகளை, எல்லைக் கற்களைத் தேய்த்துப் படித்திருக்கிறேன். ஒரு பெயர் வெளியே வருவதை இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. அது அவள் பெயர் இல்லை.

இரண்டு பெயர்கள் இருந்தன. ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. பின்னால் நின்றவர்கள் "நம்முளுது இல்ல, நம்முளுது இல்ல" என்று சத்தம் போட்டார்கள். அண்ணன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே ஓடிப்போய் ஒருத்தி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். மருமகள் மட்டும் அசையவில்லை.

"அப்பறம் ஏன் போனு எடுக்க மாட்டீங்கறாரு?" என்றாள்.

பேத்தி அந்த இரண்டு பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவும் ஒரு ஊட்டுப் புள்ளைக பேருதானுங்கம்மா" என்றாள். பிறகு மறுபடியும் எழுதினாள். வண்டியில் வந்தவர்கள் எங்கே?

அடுத்து வந்த வீடியோவை இன்றுவரை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டு வில்லை வேய்ந்த ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரம். சுவரோரமாக ஒன்பது ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் வேட்டியை உடம்பில் சுற்றியிருக்கிறார்கள். கையில் இலையும் சோறும். அந்தப் பெண் முதல் ஆளிடம் போனை நீட்டி ஏதோ சொல்கிறாள். அவர் விழிக்கிறார். அவள் கையால் பேசச் சொல்லிக் காட்டுகிறாள். அவர் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரித் தன் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "நல்லாருக்கறனுங்க" என்கிறார். அடுத்த ஆள். அதற்கடுத்த ஆள். நாமக்கல், மல்லசமுத்திரம், எருமப்பட்டிப் பக்கம், குமாரபாளையம். நம்மூர்ப் பேச்சு, எங்கோ ஒரு காட்டுக்குள்ளிருந்து.

ஏழாவது ஆள் என் மகன்.

மருமகள் என் தோளைப் பிடித்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

"கண்ணு, உன்ற பேரெழுதுன தாள இந்தப் புள்ள காட்டுச்சு. பயப்படாதீங்க" என்றான் அவன் போனைப் பார்த்து. "நம்ம வண்டி ரெண்டும் அக்கரைலயே நிக்குது. முன்னால போன வண்டி சரிஞ்சுது, கயித்தக் கட்டிட்டு எறங்கி ஆளுக எல்லாரையும் இந்தக் கரைக்கு இழுத்துட்டம். எம் போனு தண்ணில போச்சு. நம்ம பசங்க சிம்முக்கு இங்க டவரு இல்ல. அம்மாகிட்டச் சொல்லு. அப்பாருகிட்டயும் சொல்லு, அவரு சும்மா எதையாச்சும் எண்ணிட்டு உக்காந்திருப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள், அழுதுகொண்டே. அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "உன்ற பையன் உன்னை நல்லாத்தான் அளந்து வெச்சிருக்கறான்!"

மருமகள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். பார்த்தாள். "அந்தச் சட்டை யாருது?" என்றாள். இவனுக்குப் பிடிக்காத மஞ்சள் நிறம், தோளில் இறுக்கிக்கொண்டிருந்தது. பேத்தி கேட்டு எழுதினாள். "என் அண்ணனுடைய சட்டை" என்று அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. மருமகள் போனை வாங்கி, குரல் பதியும் பொத்தானைக் கேட்டு அழுத்திக்கொண்டு, "சாமி..." என்றாள். அதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் அப்படியே போனது. அதை எந்தப் பாஷையில் மாற்றியதோ அந்தப் போன்.

குழுவில் வீடியோவைப் போடச் சொல்லி நாலைந்து பேர் அவசரப்பட்டார்கள். பேத்தி தரவில்லை. "ஒவ்வொருத்தரு ஊட்டுக்கும் தனித்தனியா மொதல்ல சொல்லீரலாமுங்க. மறுபடியும் ஆளுக்கு ஒண்ணு சேத்து எழுதுவாங்க" என்றாள். காலையில் அந்த வரியை நம்பி ஓடிவந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுஞ் செரிதான்" என்றார்.

மகனைத் தவிர எட்டுப் பேர். அவர்கள் சொன்ன ஊரையும் பெயரையும் வைத்து அவளும் அவள் தோழிகளும் போனிலேயே வீடு தேடினார்கள். அந்த ஊர்க்காரி ஒருத்தி, அவளுக்குத் தெரிந்த இன்னொருத்தி, அவள் தம்பி என்று கை மாறி, ஏழு வீட்டுக்கு அவரவர் பிள்ளையின் முகமும் குரலும் போய்ச் சேர்ந்துவிட்டன. பின்கதவில் பெயர் இருந்த அந்த இரண்டு குழந்தைகளின் வீட்டுக்கும்தான். நான் பத்திரிகை ஆபீசுக்கு மறுபடி போன் செய்யவில்லை.

மிச்சமிருந்த ஒருவருக்கு எருமப்பட்டிக்கு அந்தப்புறம் ஒரு சின்ன ஊர். அந்த வீட்டில் அப்பா மட்டும் இருக்கிறார், இந்த மாதிரிப் போன் கிடையாது என்று தெரிந்தது.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாம இருந்தா நல்லதுதான?" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள யாராச்சும் போயி அந்த மொத வீடியோவக் காட்டிருவாங்க அப்பாரு."

அண்ணன் எழுந்துபோய்த் தன் காரை எடுத்துவந்தார். "ஏறு அம்மிணி. தம்பி, நீயும் ஏறு."

போகும் வழியெல்லாம் நான் ஒன்றையும் எண்ணவில்லை. பேத்தி முன்சீட்டில் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பும் பாத்திரத்தைக் கொண்டுபோகிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

எருமப்பட்டி தாண்டி, கேட்டுக் கேட்டுப் போனோம். மக்காச்சோளத் தட்டைப் போரின் அருகே என் வயதுள்ள ஒருவர் எருமைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து மூன்று பேர் இறங்கியதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த வாளி சாய்ந்தது. இந்தப் பக்கத்தில் காரில் வந்து இறங்குகிற மூன்று பேர் என்ன சேதி கொண்டுவருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நல்ல சேதிதானுங்க" என்று நான் அங்கிருந்தே கத்தினேன். "உங்க பையன் நல்லாருக்கறாரு!"

அவர் நம்பவில்லை. என் முகத்தையும் அண்ணன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பேத்தி முன்னால் போய், போனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். தாழ்வாரம் தெரிந்தது. ஈர வேட்டியைப் போர்த்திக்கொண்டு அவர் மகன் நிமிர்ந்து பார்த்தான். அவர் விரலை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டார். படம் நின்றுவிட்டது.

"என்னாச்சுங்க?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று பேத்தி திரும்ப ஓடவிட்டாள். அவன் வாய் திறந்தான். அவர் மறுபடி தொட்டார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே.

"தொடாதீங்க தாத்தா" என்றாள் அவள் மெதுவாக. "அவரே பேசுவாருங்க."

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுகக் கட்டிக்கொண்டார். அப்படியே குனிந்து, மகன் தன் பெயரையும் அப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லி முடிக்கும் வரை இமைக்காமல் கேட்டார். எருமை சாய்ந்த வாளியை நக்கிக்கொண்டிருந்தது.